சாதாரண ஓட்டம்

சவரிக்காட்டுக்கு மேலே, ஏற்றம் கொஞ்சம் தணியும் ஓர் இடத்தில் ஆனந்தின் பிக்கப் வண்டி முதன்முதலாக உதறியது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரட்டை இறக்கிவிட்டு, வெறும் சாக்குகளோடு பழனி வழியாக மலையேறிக்கொண்டிருந்தார்கள். ஆக்சிலேட்டரில் இருந்த காலை லேசாகத் தளர்த்தினான். காய்ந்த சேற்றில் பதிந்துகிடக்கும் மாட்டுக் குளம்புகளின் மேல் ஓட்டுவதுபோல வண்டியின் அடிப்பக்கம் தடதடவென்று அதிர்ந்து, உடனே அடங்கிவிட்டது. ஆனந்த் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். ரோடு நன்றாகத்தான் இருந்தது.

"ஒனக்கு ஏதும் தெரிஞ்சுச்சா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ராஜகுமாரியிடம் கேட்டான்.

"என்ன தெரியணும்?"

"வண்டி ஒதறுச்சே."

"நான் அசந்துட்டேங்க."

பெருமாள்மலை வரும்வரை அவன் ரேடியோவைப் போடவில்லை.

ஆனந்துக்குச் சொந்த ஊர் கொடைக்கானலுக்கு அப்பால் மலைக்கோடியில் இருக்கும் கிளாவரை. பதினெட்டு வயதில் கிளீனராக லாரி ஏறியவன். பிறகு சொந்தமாக ஒரு சின்ன லாரி வாங்கி, தன் காட்டில் விளைந்ததையும் ஊராரின் மூட்டைகளையும் ஒட்டன்சத்திரத்துக்குக் கொண்டுபோய் இறக்கிக்கொண்டிருந்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் பூம்பாறை வளைவில் பைக் சறுக்கி விழுந்து அவனுடைய இடது முழங்கால் நொறுங்கியது. கம்பி வைத்துக் கட்டினார்கள். எலும்பு கூடிவிட்டது, முழங்கால்தான் சரியாக மடங்கவில்லை. நடப்பான். காட்டில் குனிந்து நிமிர்ந்து வேலையும் செய்வான். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு கிளட்ச்சை மிதிக்கிற பலம் மட்டும் அந்தக் காலுக்குத் திரும்பி வரவில்லை. லாரியை விற்றுவிட்டு ஒரு வருடம் வீட்டோடு இருந்தான். அடுத்தவர் வண்டியில் தன் மூட்டைகளை ஏற்றி அனுப்பிவிட்டு, அந்த வண்டி கண்ணுக்கு மறையும்வரை ரோட்டோரத்தில் நிற்பான். ராஜகுமாரி வந்து கூப்பிட்டால்தான் வீட்டுக்குள் வருவான்.

கொடைக்கானலில் லாட்ஜ் நடத்திக்கொண்டிருந்த ஒருவர் கோயம்புத்தூருக்குக் குடிபோகும்போது தன் பிக்கப்பை விற்கிறார் என்று கேள்விப்பட்டான். ஆட்டோமேட்டிக் வண்டி, கிளட்ச்சே கிடையாது. இடது கால் தன்பாட்டுக்குக் கிடக்கலாம். ஆட்டோமேட்டிக் என்றால் வசதியானவர்கள் ஏரியைச் சுற்றி ஓட்டுகிற வண்டி என்று அதுவரை நினைத்திருந்தவன், அன்றைக்கே பேசி முடித்துவிட்டான்.

லாரியின் கியர்பாக்ஸ் என்றால் அவனே பிரித்து மாட்டுவான். இந்த வண்டியின் கியர்பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது என்று அவனுக்குச் சுத்தமாகத் தெரியாது. அதுவாக மாற்றிக்கொள்கிறது என்பது மட்டும் தெரியும். அது கெட்டால் இங்கே யாரும் ரிப்பேர் செய்யமாட்டார்கள், முழுசாகச் சென்னையிலிருந்துதான் வரவழைக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தான். அப்படி நடந்தால் தன் கதை அத்தோடு முடிந்தது என்று அவன் நினைத்தான். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த தடவை போனபோது உதறவில்லை. அதற்கடுத்த தடவை உதறியது. மார்க்கெட்டில் கமிஷன் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு டிரைவரிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்.

"ஆட்டோமேட்டிக்கா? கியர் ஆயில் எப்ப மாத்துனது?" என்று அவர் கேட்டார்.

ஆனந்துக்குத் தெரியவில்லை. லாட்ஜ்காரருக்குப் போன் போட்டான்.

"இன்ஜின் ஆயில் கரெக்டா மாத்திருவேன் தம்பி. கியர்பாக்ஸுக்குன்னு தனியா ஆயில் இருக்கா?" என்று அவர் இவனிடமே திருப்பிக் கேட்டார்.

அன்றைக்கே அந்தக் கம்பெனியின் மதுரை ஷோரூமுக்குப் போன் செய்தான். சர்வீஸ் பிரிவில் ஷர்மிளா என்ற பெண் எடுத்தாள்.

"சார், அது லைஃப்டைம் ஆயில். நார்மல் யூஸேஜுக்கு மாத்தவே தேவையில்ல."

"லைஃப்டைம்னா வண்டியோட ஆயுசா, ஆயிலோட ஆயுசாங்க?"

ஷர்மிளா சற்று யோசித்தாள். "வண்டியோடதுன்னு நெனைக்கிறேன் சார். ஆனா சிவியர் யூஸேஜ்னா எண்பதாயிரம் கிலோமீட்டர்ல மாத்தணும்னு போட்டிருக்கு."

"சிவியர்னா?"

"கடுமையான ஓட்டம் சார். நீங்க எப்படி ஓட்டுவீங்க, சாதாரணமாவா, கடுமையாவா?"

"சாதாரணமாத்தான் ஓட்டுறேன். நாப்பதுக்கு மேல போறதில்ல."

"அப்ப பிரச்சினை இல்ல சார்."

போனை வைத்த பிறகுதான் அவனுக்குச் சந்தேகம் வந்தது. மூட்டை, மலை, வளைவு, மழை எல்லாம் இருபது வருடமாகப் பழகியவை. அவனுக்கு அதுதான் சாதாரணம். திரும்பவும் போன் செய்தான்.

"லட்சம் கிலோமீட்டரத் தாண்டுன வண்டிங்க. நாங்க கிளாவரையில இருந்து லோடு ஏத்தி மலை எறங்குவோம். அது எதுல சேரும்?"

கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தம் கேட்டது. "அது கடுமையானதுல வரும் சார்."

"எப்பவுமே அப்படித்தான் ஓட்டுறோம்."

"அப்ப எப்பவுமே கடுமையானது சார்." பிறகு குரலைச் சற்று இறக்கிச் சொன்னாள். "வண்டி லட்சத்தைத் தாண்டிருச்சுங்கறீங்க. இப்ப மாத்தலாம்தான், ஆனா இவ்வளவு லேட்டா மாத்துனா பாக்ஸுக்கு நாங்க கேரண்டி சொல்ல முடியாது."

"அப்ப மாத்தட்டுமா, வேண்டாமா?"

"அது உங்க இஷ்டம் சார்."

ராஜகுமாரியின் அண்ணன் குமரகுரு பழனி அடிவாரத்தில் இருந்தார். முருகனைப் பார்க்க வருகிறவர்களுக்கு வேன் வாடகைக்கு விடுவது அவர் தொழில். வண்டி விஷயத்தில் அவரைக் கேட்காமல் எப்படி என்று அங்கேயும் போனான். குமரகுரு முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

"மாப்ள, அதத் தொடாதீங்க. லட்சத்துக்கு மேல ஓடுன பாக்ஸு. உள்ள இருக்க தகடெல்லாம் தேஞ்சிருக்கும். அந்த அழுக்கு ஆயில்தான் அதப் புடிச்சு ஓட்டிக்கிட்டிருக்கு. புதுசா ஊத்துனா அழுக்கு கரையும், தகடு வழுக்கும், வண்டி நின்னுரும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு இப்படித்தான் மாத்துனாரு. ஒரு வாரம்கூட ஓடல."

"அப்ப ஒதறல் மச்சான்?"

"ஒதறட்டும். வயசானா நமக்குக் கை நடுங்கல? அதுக்காக ரத்தத்தையா மாத்துறோம்?"

பேசி முடிக்கும்போது குமரகுரு சொல்வதுதான் சரி என்று ஆனந்துக்குப் பட்டது. மலையேறி பெருமாள்மலைக்கு வந்து மணியனின் பட்டறை முன்னால் நிறுத்தும்வரை அப்படியே பட்டுக்கொண்டிருந்தது. மணியன் அவனுடைய லாரிக்குப் பல வருடம் வேலை பார்த்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"மாத்தலாம் ஆனந்து. ஆனா ஒரே தடவையில ஆகாது. அடியில இருக்க நட்டக் கழட்டுனா பாதிகூட எறங்காது. மிச்சம் உள்ளுக்குள்ள கன்வெர்ட்டர்ங்கற டப்பாவுல கெடக்கும். எறங்குன அளவுக்குப் புதுசு ஊத்தணும். கொஞ்ச நாள் ஓட்டிட்டு வந்தா மறுபடி எறக்கி ஊத்தணும். இப்படி மூணு தடவ செஞ்சா பெரும்பாலும் புதுசாயிரும்."

"நீங்க செஞ்சிருக்கீங்களாண்ணே?"

"ஆட்டோமேட்டிக்ல ரெண்டு வண்டிக்குச் செஞ்சிருக்கேன். ஒண்ணு நல்லா ஓடுது."

"இன்னொண்ணு?"

"தெரியாது. கேரளாக்காரர் வண்டி. அப்பறம் இந்தப் பக்கம் வரவே இல்ல."

அடுத்த தடவை ஒட்டன்சத்திரத்தில் சரக்கை இறக்கிவிட்டு ஆனந்த் நேராகத் திண்டுக்கல் பைபாஸுக்கு ஓட்டினான். அங்கே செல்வமுருகன் என்பவர் மிஷின் வைத்து கியர் ஆயில் மாற்றுகிறார் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தான். பட்டறை ஆஸ்பத்திரி மாதிரி பளிச்சென்று இருந்தது. செல்வமுருகன் சின்ன வயசுக்காரர். மிஷினில் இருந்த இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் காட்டினார். ஒன்றில் பழைய ஆயில் கறுப்பாக வெளியே வரும், இன்னொன்றில் புதிய ஆயில் சிவப்பாக உள்ளே போகும். இரண்டும் ஒரே நிறமானால் வேலை முடிந்தது.

"எங்கூர் மெக்கானிக்கு மூணு தடவயா பாதி பாதி எறக்கி மாத்தலாங்கறாருங்க."

"பாதி அழுக்குத் தண்ணி இருக்க வாளியில பாதி நல்ல தண்ணிய ஊத்திக் குளிப்பீங்களாண்ணே?"

அதுவும் ஆனந்துக்குச் சரியாகத்தான் பட்டது. சாவியைக் கொடுத்துவிட்டான். செல்வமுருகன் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லிவிட்டு, சாதாரணமாகச் சொன்னார். "ஒண்ணே ஒண்ணுண்ணே. பாக்ஸ் ஏற்கெனவே வீக்கா இருந்துச்சுன்னா ஃப்ளஷ் பண்றப்ப தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சிரும்னா?"

"போயிரும்."

ஆனந்த் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அவசரமாக ஒரு சோலி இருப்பதை மறந்துவிட்டதாகச் சொன்னான். கூட வந்திருந்த ராஜகுமாரி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். பைபாஸில் கொஞ்ச தூரம் போன பிறகு, "என்ன சோலிங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

யார் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வது அவர்கள் பேசும்வரை சரியாக இருந்தது. அடுத்தவர் வாயைத் திறந்ததும் அது போய் இது சரியாயிற்று. மாற்றாவிட்டால் கெடும் என்றார்கள். மாற்றினாலும் கெடும் என்றார்கள். மெதுவாக மாற்றினால் பாதி அழுக்கு, வேகமாக மாற்றினால் முழு ஆபத்து. ஆனந்த் கேட்பதை நிறுத்தவில்லை. மன்னவனூரில் டிராக்டர் வைத்திருப்பவரிடம் கேட்டான். பஸ் டிரைவரிடம் கேட்டான். பூண்டு விதை பற்றிப் பேச வந்த விவசாய ஆபீஸரிடம்கூட, அவர் ஜீப் ஆட்டோமேட்டிக்கா என்று விசாரித்தான். சாப்பிடும்போது போனில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் ஒருவர் மாற்றச் சொல்வார், அதே ஊரில் இன்னொருவர் வேண்டாம் என்பார்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் யாரிடமும் வழிகூடக் கேட்டு ராஜகுமாரி பார்த்ததில்லை. தெரியாத ஊரில் ராத்தங்கல் போட்டாலும் போட்டிருக்கிறானே தவிர, இறங்கி விசாரித்ததில்லை. இப்போது போகிற வருகிற ஆளையெல்லாம் நிறுத்திக் கேட்கிறான். அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஒரு நாள் வெள்ளனே பூண்டுக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூடுபனி இன்னும் கலையவில்லை. ஆனந்த் நடுநடுவே நிமிர்ந்து போனைப் பார்த்தான்.

"இந்தச் சோலிய வெரசா முடிங்க. மாத்துனா மாத்துங்க, இல்லையின்னா விட்டுருங்க. நாளு முச்சூடும் இதே பேச்சாக் கெடக்கு" என்றாள் ராஜகுமாரி.

"முடிவெடுக்கிறது அம்புட்டு லேசா? தப்பாப் போச்சுன்னா?"

"போனாப் போகுது."

"ஒனக்கென்ன, சொல்லிருவ." அவன் கொஞ்ச நேரம் களை எடுத்தான். பிறகு நிமிராமலே கேட்டான். "நீ எப்படி முடிவெடுத்த?"

"எத?"

"என் கால."

அவன் விழுந்த அன்று திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். உடனே ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார் ஒருவர். வீக்கம் வற்றட்டும், மதுரைக்குக் கொண்டுபோனால் பெரிய டாக்டர் பார்ப்பார் என்றார் இன்னொருவர். ஆனந்த் நினைவில்லாமல் கிடந்தான். உடனே ஆபரேஷன் செய்யச் சொல்லி அவள்தான் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு நடந்ததை இரண்டு வருடமாக அவனும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

"தெரியலைங்க" என்றாள். "ஒருத்தரு வேகமா இங்கிலீஷ்ல பேசுனாரு. இன்னொருத்தரு படத்தக் காட்டி மெதுவாச் சொன்னாரு. மெதுவாச் சொன்னவரு சரின்னு நெனச்சேன். அம்புட்டுதான்."

"மதுரைக்குக் கொண்டுபோயிருந்தா மடங்கியிருக்குமோ?"

"இருக்கும். இல்ல, போற வழியில ஏதாச்சும் ஆகி காலையே எடுத்திருப்பாங்க. அத இப்ப யாரு வந்து சொல்லுவா?"

"நான் ஒன்னையக் கொறையாச் சொல்லல."

"தெரியும்" என்றாள் ராஜகுமாரி. "சொல்லாமயே இருந்தீங்களே, அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஒரு நாளாச்சும் கேட்டிருந்தீங்கன்னா நானும் சொல்லியிருப்பேன்."

ஆனந்த் கையிலிருந்த களையை வரப்பில் போட்டான். இருவரும் அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்கள். அந்தப் பாத்தி முடிகிற நேரத்தில் அவன் சொன்னான்.

"மணியண்ணங்கிட்டயே குடுத்துருவோம். சரியா வரலையின்னா நடுவுல நிறுத்திக்கலாம். மிஷின்ல ஏத்துனா நிறுத்த முடியாது."

"சரின்னு தோணுனா செய்ங்க."

"சரியான்னு தெரியல."

"தெரியாட்டியும் செய்ங்க."

சரியான ஆயிலை ஷர்மிளா மதுரையிலிருந்து பஸ்ஸில் அனுப்பிவைத்தாள். ஷோரூமுக்கு வெளியே மாற்றுவதற்கு அவள் தடை சொல்லவில்லை. டப்பாவில் உள்ள நம்பரை மட்டும் இரண்டு தடவை படித்துக்காட்டச் சொன்னாள்.

பெருமாள்மலையில் மணியன் வண்டிக்கடியில் படுத்து நட்டைக் கழற்றினார். ஆயில் கட்டன்காப்பி நிறத்தில் இறங்கியது. மணியன் இரண்டு விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"கருகுன வாசம் இல்ல. நல்லதுதான்."

ஆனந்தும் முகர்ந்தான். அவனுக்குக் கருகிய மாதிரியும் இருந்தது, கருகாத மாதிரியும் இருந்தது. ராஜகுமாரி முகர்ந்துவிட்டு வறுத்த வெந்தயம் போல் இருக்கிறது என்றாள். வெந்தயம் நல்லதா கெட்டதா என்று மணியனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மணியன் அடித்தட்டையும் கழற்றினார். இரும்புத் தூளைப் பிடிக்க அதில் வைத்திருந்த காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருந்தது. இரும்புத் துணுக்கு இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் மணியனின் முகம் தெளிந்தது.

வெளியே வந்த ஆயிலை அளந்து, அதே அளவு புதியதை ஊற்றினார்கள். பிறகு ஒரு சிக்கல் வந்தது. ஆயில் மட்டம் சரியா என்று பார்க்க வண்டி சமதரையில் நிற்க வேண்டும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பட்டறை சரிவில் இருந்தது. ரோடு சரிவில் இருந்தது. எதிரே டீக்கடை, அதற்குப் பின்னால் பஸ் திரும்பும் இடம், எல்லாமே ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தன. பெருமாள்மலையில் ஒரு வண்டி நிற்கிற அளவுக்குச் சமதரை இல்லை என்பதை மூன்று பேரும் அன்றைக்குத்தான் கவனித்தார்கள். பக்கத்தில் கடை கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் மணியன் ரசமட்டத்தை இரவல் வாங்கி வந்தார். பின் சக்கரங்களுக்கு அடியில் பலகை வைத்து, எடுத்து, வேறு பலகை வைத்து, ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை பாடுபட்டார்கள். கொத்தனாரும் வந்து குனிந்து பார்த்து, இன்னும் ஒரு நூல் தூக்கலாம் என்றார்.

அந்த நேரம் பார்த்துக் குமரகுரு போன் செய்தார். "மாப்ள, அதத் தொடலையே?"

"இல்ல மச்சான்" என்றான் ஆனந்த்.

ராஜகுமாரி அந்தப் பக்கமாகத் திரும்பிச் சிரித்தாள்.

பெருமாள்மலையிலிருந்து பூம்பாறைவரை வண்டி வெண்ணெய் மாதிரி போனது. ஆனந்துக்கு மனசு லேசாகி, ரேடியோவைக்கூடப் போட்டான். மன்னவனூர் தாண்டியதும் வண்டி உதறியது. முன்பைவிடப் பலமாக உதறியது போல் இருந்தது. ஓரமாக நிறுத்தி, எல்லோருக்கும் போன் செய்தான். புது ஆயில் பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்று ஷோரூமில் ஒருவர் சொல்கிறார், ஆகாது என்று இன்னொருவர் சொல்கிறார் என்றாள் ஷர்மிளா. பாதி மாற்றினால் பாதிதான் சரியாகும் என்றார் செல்வமுருகன். குமரகுருவிடம் உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று. அவர் "சொன்னேன்ல மாப்ள" என்றார். மணியன் மட்டும் "ஓட்டு" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்.

அதிலிருந்து ஆனந்துக்குப் புதுக் குழப்பம் பிடித்துக்கொண்டது. ஓட்டும்போதெல்லாம் உதறலுக்காகக் காத்திருந்தான். களைப்பாக இருந்தால் அவன் இடது முழங்கால் தானாக நடுங்கும். வண்டி நடுங்குகிறதா, கால் நடுங்குகிறதா என்று அவனுக்கே பிரிக்க முடியவில்லை. ராஜகுமாரியைக் கேட்டால் அவள் ஒரு தடவை ஆமாம் என்பாள், ஒரு தடவை தெரியலை என்பாள்.

"யாராச்சும் ஓட்டி நான் பக்கத்துல ஒக்காந்தா கண்டுபுடிச்சிருவேன்" என்றான் ஒருநாள். சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். மன்னவனூர் புல்வெளி ஓரமாக ரோடு கொஞ்ச தூரம் நேராகப் போகும். ஆள் நடமாட்டம் இல்லை. அங்கே வண்டியை நிறுத்தினான். "நீ ஓட்டு."

"நானா?"

"ஸ்கூட்டி ஓட்டுறேல்ல. இதுல ரெண்டே மிதிதான். ஒண்ணு போக, ஒண்ணு நிக்க. ரெண்டுக்கும் வலது காலு. இடது கால மடக்கி வச்சுக்க."

ராஜகுமாரி சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். முதலில் பிரேக்கை மிதித்த மிதியில் ஆனந்தின் நெற்றி முன்னால் போய் இடித்தது. அவன் திட்டவில்லை. இரண்டாவது தடவை வண்டி ஊர்ந்தது. நடக்கிற ஆளைவிட மெதுவாகப் போய், பிறகு சைக்கிள் வேகத்துக்கு வந்தது. ஆனந்த் கியர் லிவரின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டான்.

"இப்ப ஒதறுச்சா?"

"அது கல்லுங்க. நாந்தான் ஏத்துனேன்."

இன்னும் கொஞ்சம் வேகம் கூடியது. அவள் காலைத் தளர்த்தினாள். தடதடவென்று ஓர் அதிர்வு அடியிலிருந்து ஏறி வந்து அடங்கியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது" என்றாள் ராஜகுமாரி.

"இதுதான்" என்றான் ஆனந்த். அவன் முகம் மலர்ந்துவிட்டது. கோளாறு வண்டியில்தான் இருக்கிறது என்று தெரிந்ததில் ஒருவன் இவ்வளவு சந்தோஷப்பட முடியுமா என்று அவளுக்கு விளங்கவில்லை. "ஒனக்கும் தெரிஞ்சுச்சுல்ல? காலு இல்ல. வண்டிதான்."

"வண்டிதாங்க. இன்னொருக்காப் போவோமா?"

அந்த நேர் ரோட்டில் அன்றைக்கு நான்கைந்து தடவை போய் வந்தார்கள். அதன்பின் ஒவ்வொரு தடவையும் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, அந்த இடம் வந்ததும் ஆனந்த் இறங்கி மறுபக்கம் ஏறிக்கொள்வான். ராஜகுமாரி கொடைக்கானலில் போய் லைசென்ஸுக்கு எழுதிக்கொடுத்து, வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு எல் ஒட்டினாள். ஊரில் சில பேர் சிரித்தார்கள். அவள் வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உடம்பையும் சேர்த்துத் திருப்புவாள். ஆனந்த் அதைச் சொல்லிக் கேலி செய்வான்.

இரண்டாம் தடவை ஆயில் இறக்கியபோது நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது. உதறல் குறைந்தது. குறைந்ததா, பழகிவிட்டதா என்று ஆனந்துக்குத் தெரியவில்லை. மூன்றாம் தடவை இறக்கியபோது ஆயில் சிவந்து வந்தது. மணியன் அதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"போதும். இதுக்கு மேல ஊத்துனா காசுக்குக் கேடு."

"சரியாயிருச்சாண்ணே?"

"ஆயில் சரியாயிருச்சு. பாக்ஸ் சரியாயிருச்சான்னு நீதான் ஓட்டிச் சொல்லணும்."

அன்று ஆனந்த்தான் ஓட்டினான். பூம்பாறையில் ஒன்றும் இல்லை. மன்னவனூர் நேர் ரோட்டில் வேண்டுமென்றே காலைத் தளர்த்தினான். ஒன்றும் இல்லை. கவுஞ்சி நெருங்கும் இடத்தில் இன்னொரு தடவை தளர்த்திப் பார்த்தான்.

"போயிருச்சு" என்றான்.

ராஜகுமாரி தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"லேசா இருக்குங்க."

"எங்க இருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"நீங்க பேசிக்கிட்டே வந்தீங்க. இப்ப கவுஞ்சிக்கு முன்னால வந்துச்சு. பழசு மாதிரி இல்ல. பூனை கொர்கொர்ருங்கறப்ப வயிறு அதிருமே, அந்த மாதிரி."

"அது இன்ஜினு."

"இன்ஜின் சத்தம் எனக்குத் தெரியாதா?"

மணியன் போன் செய்தார். ராஜகுமாரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுதுண்ணே" என்றான் ஆனந்த்.

"ஒதறுதா?"

"இல்ல" என்றான் ஆனந்த்.

"இருக்கு" என்றாள் ராஜகுமாரி.

அந்தப் பக்கம் மணியன் சிரிக்கிற சத்தம் கேட்டது. "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

முடிவு இன்றுவரை ஆகவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. முட்டைக்கோசும் பீன்ஸும் ஏறி இறங்குகின்றன. குமரகுரு மட்டும் பழனியில் பார்க்கும்போதெல்லாம் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, இன்னும் நின்றுபோகவில்லையா என்பது போலத் தலையை ஆட்டுவார்.

மணியன் போனை வைத்த அன்று, ராஜகுமாரி கொஞ்ச தூரம்வரை பொறுத்துப் பார்த்தாள். கிளாவரைக்கு முந்தின ஊரான பூண்டி தாண்டியதும் கையை நீட்டி அவன் தோளைத் தட்டினாள்.

"ஓரமா நிறுத்துங்க. நான் ஓட்டிப் பாக்கறேன்."

"வளைவு இருக்கே."

"இருக்கட்டும். மெதுவாத்தானே போவேன்."

ஆனந்த் நிறுத்தினான். இறங்கி, இடது காலை மெல்ல ஊன்றி வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தான். அதற்குள் அவள் உள்ளேயே டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்துப் போட்டிருந்தாள்.